கணவாயில் பிறந்த ஞானம்

சீன நாட்டில் ஒரு கதை வழங்கி வருகிறது. லாவோ ட்சு என்னும் முதியவர் அரசாங்கச் சுவடிக் காப்பாளர் வேலையை உதறிவிட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். மலைக் கணவாயில் இருந்த எல்லைக் காவலர் அவரை நிறுத்தி, "தங்கள் அறிவை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்" என்று வேண்டினாராம். அவ்வாறு எழுதியதே 'தாவோ தே ஜிங்' என்பார்கள். 81 சிறு அத்தியாயங்கள். சீன மொழியில் ஏறக்குறைய 5,000 எழுத்துக்கள்தான். கவிஞர் சி. மணி இதைத் தமிழில் தந்திருக்கிறார்.

கொல்லங்கோட்டில் வாழும் எனக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றுவதில்லை. நாமும் கணவாய்க்காரர்கள் அல்லவா? கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்து போவதும் வருவதும் நமக்கு அன்றாட வாழ்க்கை.

பானையின் பயன் மண்ணில் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் வெற்றிடத்திலும் இருக்கிறது என்கிறது அந்த நூல். நம் பாலக்காட்டுக் கணவாயை எண்ணிப் பாருங்கள். சுமார் 1,600 கிலோ மீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோ மீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அந்த 'இல்லாமை' வழியாகத்தான் காற்றும் வந்தது, வண்டிப் பாதையும் வந்தது, 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயிலும் வந்தது. நம் முன்னோரில் பலர் பிழைப்புத் தேடி வந்ததும் அவ்வழியேதான். நம் வீட்டிலோ ஒரு நாளில் அரை மணி நேர இடைவெளியாவது இருக்கிறதா? பள்ளி, டியூஷன், தொலைக்காட்சி, கைப்பேசி என்று பானையை விளிம்பு வரை அடைத்துவிட்டால், பிறகு அதில் எதை ஊற்றுவது?

இரண்டாவது பாடம் தண்ணீர். தென்மலையில் சீதார்குண்டு அருவியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாறை குறுக்கிட்டால் நீர் சண்டைக்கு நிற்பதில்லை. சுற்றிக்கொண்டு பள்ளத்தை நாடுகிறது. காயத்ரிப்புழை அப்படித்தான் மாயன்னூரில் பாரதப்புழையோடு சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகிறது.

மூன்றாவது 'வூ வெய்'. வலிந்து செய்யாமை என்று சொல்லலாம். சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்! உழவர் சேற்றை உழுகிறார், வரப்புக் கட்டுகிறார், மடை திறக்கிறார், களை எடுக்கிறார். ஆனால் நெல்லைப் பிடித்து இழுத்து வளர்ப்பதில்லை.

இது நம் பிள்ளைகளின் தமிழுக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழு வயதுப் பேரன் மலையாளத்திலேயே பேசுவான். "தமிழில் பேசுடா" என்று தாத்தா அதட்டுவார். பையன் வாயை மூடிக்கொள்வான். அன்று எந்த மொழியும் வராது. பாட்டி அதட்டவில்லை. இரவில் சோறு பிசைந்து கொடுத்தபடி கதை சொல்வார். "என்னிட்டு?" என்பான் பேரன். "அப்புறமா அந்த நரி என்ன பண்ணுச்சு தெரியுமா கண்ணு?" என்று தமிழிலேயே தொடர்வார் பாட்டி. திருத்தவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. சில மாதங்கள் கழித்து ஒருநாள் பாட்டி கதையை நடுவில் நிறுத்தினார். "அப்புறம் என்னாச்சு பாட்டி?" என்றான் பையன்! அடுத்த அறையில் இருந்த தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கதை நேரத்தில் அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு மொழி பேசும் மண்ணில் தமிழ் தானாக நிலைக்காது, அதட்டினாலும் நிலைக்காது. பாட்டி செய்தது மடை திறக்கும் வேலை. தினமும் ஒரே நேரத்தில், அலுக்காமல் செய்தார்.

எனவே அன்பர்களே, இன்றிரவு தொலைக்காட்சியை அரை மணி நேரம் அணைத்து வையுங்கள். பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். நீர் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.