கேஸை அணைச்சாச்சா?

தெருமுனை வரை போன ஸ்கூட்டர் திரும்பி வருகிறது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்க்கிறார். சிலிண்டர் ரெகுலேட்டரையும் தொட்டுப் பார்க்கிறார். வெளியே வந்து பூட்டி, பூட்டை இழுக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது இழுப்பு சரியாக விழவில்லை என்று ஓர் உறுத்தல், முதலிலிருந்து எண்ணுகிறார். பின்சீட்டில் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் மனைவிக்கு போன்: "கேஸை அணைச்சாச்சுதானே?" "அணைச்சாச்சுங்க, நீங்கதானே பார்த்தீங்க." அரை மணி நேரத்தில் மறுபடி போன், அதே கேள்வி.

ஊருக்குக் கிளம்பும்போது கேஸை இன்னொருமுறை பார்க்காத குடும்பம் எங்கே இருக்கிறது? அது நோயல்ல. மற்றவர்களுக்கு ஒருமுறை பார்த்தால் மனம் அடங்கிவிடும். 'ஓசிடி' என்று மருத்துவர்களும், 'எண்ணச் சுழற்சி நோய்' என்று தமிழ்ப் பத்திரிகைகளும் எழுதும் இந்தத் தொல்லையில், கண் பார்த்ததை மனம் ஒப்புக்கொள்ளாது. 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் 'சந்தேகப் பித்து' என்று அழைத்தது பொருத்தம்தான்.

வேண்டாம் என்றாலும் திரும்பத் திரும்ப வரும் எண்ணம், அதனால் பதற்றம், பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல், கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி அதே எண்ணம். சுழற்சி இதுதான். அந்தக் கொஞ்ச நேர நிம்மதியே அடுத்த சுற்றுக்குத் தீனி போடுகிறது. இந்த எண்ணங்களும் செயல்களும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினாலோ, வேலை, படிப்பு, குடும்பம் என்று எதையாவது கெடுத்தாலோ மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கில் எடுக்கிறார்கள்.

அலமாரியை அடுக்கி வைப்பவர்களெல்லாம் "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்று சொல்லிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சுத்தக்காரருக்குத் துடைத்து முடித்தால் திருப்தி கிடைக்கும். மடி, ஆசாரம் பார்க்கும் பாட்டிக்கும் குளித்துவிட்டால் கணக்கு முடிந்தது. நோயாளிக்கோ கணக்கு முடிவதே இல்லை. தோல் வெடித்து எரியும் கையை மறுபடி சோப்பில் நனைக்கும்போது, 'இது அதிகப்படி' என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். ஆனாலும் நிறுத்த முடிவதில்லை.

கை கழுவுவதாவது கண்ணில் படும். பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியதும், 'யாரையாவது இடித்துவிட்டோமோ' என்று வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்பவர் வீட்டில் சொல்லும் காரணம் டிராஃபிக். விடைத்தாள் கிழியும்வரை அழித்து எழுதும் பையனுக்குக் கிடைக்கும் பெயர் மந்தம். சுலோகத்தில் ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து மனதுக்குள்ளேயே ஆரம்பிப்பவரை வெளியிலிருந்து பார்த்தால் பக்திமான்.

எல்லாவற்றையும்விட ஆழமாக ஒளித்து வைக்கப்படுவது வெட்கப்படவைக்கும் எண்ணங்கள். சன்னிதியில் நிற்கும்போது மனதில் வரும் ஆபாசக் காட்சி. 'பிள்ளையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ' என்று பச்சைக்குழந்தையின் தாய்க்கு வரும் திகில். குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பதால்தான் அந்த எண்ணம் அவளை அப்படி உலுக்குகிறது. அது அவள் ஆசையல்ல. இந்த நோயில் வரும் அத்தகைய எண்ணம், செய்யப்போவதற்கான அறிகுறியும் அல்ல. ஆனால் அவள் யாரிடம் சொல்வாள்? அரிவாள்மணையைப் பரண்மேல் போட்டுவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை மாமியாரிடம் விட்டுவிடுகிறாள். காரணம் சொல்லாமல் ஒதுங்குவதும் ஓர் அறிகுறிதான்.

சுற்றியிருப்பவர்களும் கேட்பதில்லை. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வாசலைக் கடக்கும்போது குறிப்பிட்ட எண்ணிக்கையில் அடி வைப்பார். கணக்குத் தப்பினால் பின்னால் போய், மறுபடி நடந்து வருவார். கட்டுப்படுத்த முடியாத அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் நோய் அவருக்கு இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். அதனுடன் ஓசிடியும் சேர்ந்து வருவது உண்டு. அவர் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்: ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நண்பர்களில் ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் கதை இதற்கு நேர்மாறு. பழ டின் ஒன்றை எப்படித் தேய்த்துக் கழுவி, எப்படித் திறக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுத்திலேயே கட்டளை இருந்தது. சம்பளம் வாங்கியவர்கள் அப்படியே செய்தார்கள். ஒருவரின் நோயை ஒரு கூட்டமே சேர்ந்து நடத்திக் கொடுத்தது.

சாதாரண வீடுகளிலும் இதுதான் நடக்கிறது, சம்பளம் இல்லாமல். அதனால் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அவரை மட்டும் கவனித்தால் போதாது. வீடு எப்படி மாறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மாதச் சாமான் பட்டியலில் சோப்பு எத்தனை? செருப்போடு சேர்த்து உடையையும் வாசலிலேயே மாற்றும் வழக்கம் எப்போது வந்தது? ஒரே கேள்விக்கு ஒரு நாளில் எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள்? குடும்பத்தார் பாசத்தில்தான் ஒத்துப்போகிறார்கள். ஆனால் ஒவ்வொரு 'அணைச்சாச்சு'வும் அடுத்த கேள்வியைக் கூட்டி வருகிறது. அதற்காக நாளைக் காலையிலிருந்து கறாராக வாயை மூடிக்கொள்வதும் தவறு. சிகிச்சையோடு சேர்ந்து, படிப்படியாகக் குறைப்பதே முறை.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. பலருக்குப் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. மாத்திரைகள் இருக்கின்றன, முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதால் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரைக்கு இணையாகப் பலன் தரும் உளவியல் சிகிச்சை ஒன்றும் உண்டு. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் காட்டிய வழி அது: பயத்தைக் கிளப்பும் சூழலில் நிற்க வேண்டும், ஆனால் வழக்கமான சடங்கைச் செய்யக் கூடாது. ஸ்கூட்டர்காரருக்கு அது இப்படி இருக்கும். திருகை ஒருமுறை அணைத்து, பூட்டி, இழுத்துப் பார்க்காமல் தெருமுனைக்கு வந்து நிற்பார். நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம் அப்படியே நிற்பார். "அணைச்சாச்சுதானே?" என்று கேட்பார். சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்தபடி மனைவி பதில் சொல்லாமல் பக்கத்திலேயே நிற்பார்.