நசரத்பேட்டைக்காரரின் முதல் பதினாறு மாதங்கள்

ஆரணி என்றாலே வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச்சேலைதான் ஞாபகம் வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம் ஆரணி பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே, பழவேற்காட்டில் போய்க் கலக்கும் ஆரணியாற்றங்கரையில் இருக்கிறது. 1997 வரை இந்தப் பக்கம் முழுக்கச் செங்கல்பட்டு மாவட்டம்தான். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பையன்களிடம், நம் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் முதலமைச்சராக இருந்தார் என்று சொன்னால் சட்டென்று நம்பமாட்டார்கள். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள நசரத்பேட்டையில் 1897 அக்டோபர் 9 அன்று பிறந்த எம்.பக்தவத்சலம்தான் அவர்.

அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்தவரை மாமன்மார் வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் காங்கிரஸ் பிரமுகர் சி.என்.முத்துரங்க முதலியார். சட்டம் படித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். கட்சிக்காக 'இந்தியா' பத்திரிகையை நிர்வகித்தார், 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டார், 1932-ல் சிறைக்குப் போனார். சொத்தோ வரி கட்டும் தகுதியோ படிப்போ உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த 1937 தேர்தலில் திருவள்ளூர் தொகுதியில் ஜெயித்தார். ராஜாஜி மந்திரிசபையில் பார்லிமெண்டரி செகரட்டரி ஆனார். விடுதலைக்குப் பிறகு ஓமந்தூரார் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை கிடைத்தது. நடுவில் 1952-ல் தோல்வி.

1954-ல் சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் போட்டியில் காமராஜர், சி.சுப்பிரமணியத்தை 93-க்கு 41 என்று வென்றார். பக்தவத்சலம் தோற்ற பக்கம் நின்றவர். காமராஜரோ இருவரையும் கூப்பிட்டு மந்திரியாக்கினார். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அந்த ஆட்சியின் ஃபைல்களைச் சுமந்தவர்களில் பக்தவத்சலம் முக்கியமானவர். விதி எது, மரபு எது, எந்தத் தாளில் என்ன குறிப்பு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டாவது நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்பது என் கணிப்பு. முதல் நாற்காலி வேறு சங்கதி.

மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகவேண்டும் என்ற தன் திட்டப்படி காமராஜர் விலகினார். 1963 அக்டோபர் 2 அன்று பக்தவத்சலம் முதல்வரானார். ஒரே வாரத்தில் 66 வயது நிறைந்தது. அமைச்சரவையில் கக்கனும் ஆர்.வெங்கட்ராமனும் தொடர்ந்தார்கள். ஆட்கள் பெரும்பாலும் பழையவர்கள், தொழில் கொள்கையும் பழையது. நம் பக்கத்துக்கு அதனால் லாபம்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது இவர் காலத்தில். ஆவடி டாங்கித் தொழிற்சாலை மத்திய அரசுடையது என்றாலும், அங்கிருந்து முதல் விஜயந்தா வெளிவந்த 1965 டிசம்பரில் கோட்டையில் இருந்தவர் இவரே. பள்ளி இறுதி வகுப்புவரை எல்லோருக்கும் சம்பளமில்லாப் படிப்பு என்பதும் இவர் ஆட்சியில் வந்தது. அந்தப் பெயர் காமராஜர் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது, பாவம்.

இவர் கையை அப்போதே காட்டிக்கொடுத்தது கன்னியாகுமரிப் பாறை விவகாரம். விவேகானந்தருக்கு அங்கே நினைவு மண்டபம் கட்ட இவர் இசையவில்லை. மண்டபம் கட்ட முனைந்த ஏகநாத் ரானடே டெல்லிக்குப் போய் 323 எம்.பி.க்களிடம் கையெழுத்து வாங்கி வந்த பிறகுதான் வழிவிட்டார். முதலில் மறுப்பது, நெருக்கடி முற்றியபின் இறங்குவது: பாறை விஷயத்தில் இது செல்லுபடியானது. மொழி விஷயத்தில் ஆகவில்லை.

பதவியேற்று ஏழு வாரம்கூட முழுசாகத் தாண்டவில்லை. இந்தியை ஆட்சிமொழியாக்கும் அரசியல் சட்டப் பிரிவைக் கொளுத்தப் புறப்பட்ட அண்ணா நவம்பர் 16 அன்று கைதானார். ஆறு மாதத் தண்டனை. 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி இந்தியை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்து மாண்டார். அதற்குச் சில நாள் முன்பு சென்னை ரயில் நிலையத்தில் முதல்வரிடமே அவர் மன்றாடினார், போலீஸ் பிடித்துப் போனது என்று திராவிட இயக்கத்தார் இன்றும் சொல்வார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள், மார்ச் 7 அன்று, சட்டமன்றத்தில் இந்தியும் அடங்கிய மும்மொழித் திட்டத்தை முன்வைத்தார் பக்தவத்சலம். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஊர் எந்த மனநிலையில் இருந்தது என்பது மட்டும் ஃபைலில் இல்லை.

மறுவருடம் அதே ஜனவரி 25. சென்னைக் கல்லூரி மாணவர்கள் நேப்பியர் பூங்காவிலிருந்து கோட்டைக்கு ஊர்வலமாக வந்தார்கள். கையில் மனு. முதல்வரைப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள். காமராஜராக இருந்தால் நாலு பேரை உள்ளே கூப்பிட்டு 'பார்க்கலாம்' என்றாவது சொல்லி அனுப்பியிருப்பார் என்று பழைய காங்கிரஸ்காரர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அன்றே மதுரையில் கலவரம் மூண்டது. அடுத்த வாரங்களில் மாநிலமெங்கும் துப்பாக்கிச் சூடு, ராணுவம். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்களான சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். முதல்வர் தன் நிலையிலிருந்து அசையவில்லை. கூடவே அரிசித் தட்டுப்பாடு வேறு.

1967-ல் ஸ்ரீபெரும்புதூரில் தி.மு.க.வின் டி.ராஜரத்தினத்திடம் அவர் தோற்றார். விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் வீழ்ந்தார். அவரைத் தோற்கடித்த பெ.சீனிவாசன், அந்த மொழிப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர்களில் ஒருவர்.