நிலமே இல்லாத தீவில் ஒரு கால்பந்து கிளப்: பன்யீ பசங்க கடல் மேல் மைதானம் கட்டிய கதை

திருவட்டாறு என்ற பேரிலேயே ஆறு இருக்கிறது. ஊரை வளைத்து ஓடுகிற ஆறு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகப் போய், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலில் விழுகிறது. அந்தப் பொழிமுகத்துக்கு மேற்கே இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு மீனவ கிராமங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன.

சாயங்காலம் ஆனால் இந்தக் கடப்புறம் முழுக்கப் பந்துதான். விளவங்கோட்டுப் பேச்சில் சொன்னால் பந்து 'களி'. ஆனால் இடம்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏ.வி.எம். கால்வாய். நடுவில் வீடு, சர்ச், ரோடு. மிச்சம் இருக்கிற மணலில்தான் ஆட்டம். மழைக்காலத்தில் கடல் ஏறினால் அந்த மணலும் போய்விடும்.

சரி, அந்த மணல்கூட இல்லாத ஓர் ஊரில் பசங்களுக்குப் பந்து விளையாடும் ஆசை வந்தால் என்ன செய்வார்கள்? தாய்லாந்தில் அப்படி ஓர் ஊர் உண்டு.

பன்யீ எங்கே இருக்கிறது?

தாய்லாந்தின் தெற்கே, அந்தமான் கடல் பக்கம், பாங் நா வளைகுடா. அதில் செங்குத்தாக நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறைதான் கோ பன்யீ. தாய் மொழியில் 'கோ' என்றால் தீவு. பெயர்தான் தீவு, நிற்பதற்குச் சமதரை மிகக் கொஞ்சம். பாறையின் அடியில் கடலுக்குள் கால் நட்டு, அதன் மேல் பலகை போட்டு, ஊரே தண்ணீர் மேல் நிற்கிறது. வீடு, கடை, பள்ளிக்கூடம், தெரு எல்லாமே அப்படித்தான். சுமார் 1,500 பேர் வாழும் முஸ்லிம் மீனவ கிராமம் இது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவா பக்கமிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் இங்கே குடியேறியதாக ஊர் வரலாறு சொல்கிறது. அந்தக் காலத்தில் வெளியாட்கள் கரையில் நிலம் வாங்க முடியாது; அதனால்தான் கடலிலேயே கால் நட்டார்கள் என்பார்கள். நல்ல மீன்பாடு உள்ள இடத்தை முதலில் கண்டவர்கள் மலை உச்சியில் கொடி ஏற்றி மற்றவர்களை அழைத்தார்களாம். 'பன்யீ' என்ற பெயரே கொடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள்.

மீன்பிடிதான் தொழில். பக்கத்துத் தீவில் எடுத்த ஜேம்ஸ் பாண்ட் படம் 1974-ல் வெளியான பிறகு சுற்றுலாப் படகுகளும் வர ஆரம்பித்தன. அந்த ஊர்ப் பிள்ளைகள் கண்ட விளையாட்டு, படகுப் போட்டியும் மீன் பிடிப்பதும்தான்.

1986: டிவியில் பார்த்த பந்து

அந்த வருஷம் மெக்சிகோவில் உலகக் கோப்பை. அர்ஜென்டினா கோப்பையை வென்றது, மரடோனா உலகம் முழுக்க வீட்டுப் பெயரானார். உலகக் கோப்பை வந்தாலே கேரளாவிலும் குமரி மாவட்டத்திலும் அர்ஜென்டினா, பிரேசில் கொடி கட்டி இரண்டு கட்சியாகப் பிரிகிற கூட்டத்துக்கு அந்தக் காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பன்யீ பசங்களும் டிவியில் பார்த்தார்கள். 'நாமளும் ஒரு டீம் ஆரம்பிச்சா என்ன?' என்று ஆசை வந்தது. டீம் சேர்ப்பது சுலபம். ஆடுவது எங்கே? ஊர் பெரியவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலடியில் கடல், தலைக்கு மேல் பாறை. பந்தை எங்கே உருட்டுவது?

பசங்க விடவில்லை. பள்ளி விட்டதும் ஊரில் கிடந்த பழைய பலகைகளையும் மீன்பிடி மிதவைகளையும் சேகரித்தார்கள். ஒன்றோடு ஒன்று கட்டி, மேலே பலகை அடித்து, மிதக்கும் ஒரு மேடை செய்தார்கள். அதுதான் மைதானம்.

குறைகளுக்குப் பஞ்சமில்லை. பலகை ஏற்ற இறக்கமாக இருந்தது. ஆணி துருத்திக்கொண்டு நின்றது. எப்போதும் ஈரம், வழுக்கல். பந்து அடிக்கடி கடலில் விழும். கூடவே ஆளும் விழுவான். நீந்திப் போய்ப் பந்தை எடுத்து வந்து, சொட்டச் சொட்ட மறுபடி ஆட வேண்டும். வெறுங்காலில்தான் ஆட்டம்.

பூட்ஸைக் கழற்றிய இரண்டாம் பாதி

கரையில் பாங் நாவில் ஒருநாள் போட்டி ஒன்று நடக்கப்போவதாகத் தெரிந்தது. போவதா வேண்டாமா என்று பசங்களுக்குத் தயக்கம். கடைசியில் பேர் கொடுத்தார்கள். அதுவரை சிரித்த ஊர், இப்போது காசு சேர்த்து ஜெர்சியும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தது. வள்ளம் ஏறிக் கரைக்கு வந்த அணி யாரும் எதிர்பாராமல் அரையிறுதி வரை போனது.

அரையிறுதியில் மழை கொட்டியது. பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறி கால் கனத்தது. முதல் பாதி முடிந்தபோது பன்யீ 0-2 என்று பின்தங்கியிருந்தது.

இடைவேளையில் பூட்ஸைக் கழற்றிப் போட்டார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு ஓடுவது அவர்களுக்குத் தினசரிப் பழக்கம். இரண்டு கோல் திருப்பி 2-2 ஆக்கினார்கள். கடைசி நேரத்தில் எதிரணி ஒன்று போட்டுவிட, 2-3 என்று தோற்றார்கள். மொத்தத்தில் மூன்றாம் இடம்.

கோப்பை வரவில்லை. ஆனால் 'பந்து நமக்கு ஆகாது' என்ற ஊரின் எண்ணம் அன்றைக்கு மாறியது. பிறகு ஊரே சேர்ந்து ஆணி துருத்தாத, சமமான புது மைதானத்தைக் கட்டிக் கொடுத்தது.

வெறுங்கால் ஆட்டம் நமக்கும் புதிதல்ல. சுதந்திர இந்தியா முதன்முதலில் கலந்துகொண்ட 1948 லண்டன் ஒலிம்பிக்கில், இந்தியக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல்தான் பிரான்சுடன் மோதினார்கள். 1-2 என்று நெருங்கி வந்து தோற்ற ஆட்டம் அது.

சின்ன மைதானத்தால் என்ன லாபம்?

முழு அளவு கால்பந்து மைதானத்துக்குக் குறைந்தது 90 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம் வேண்டும். பன்யீயில் இருப்பது ஐவர் ஆட்டத்துக்கான அளவுதான். ஆனால் இடம் குறைவதால் கிடைக்கிற பலன் ஒன்று உண்டு.

ஆள் குறைவு என்பதால் ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். எதிராளி எப்போதும் ஓரடி தூரத்தில் நிற்பான். யோசிக்க நேரம் கிடையாது. ஓங்கி அடித்தால் பந்து கடலுக்குப் போய்விடும் என்பதால், காலோடு ஒட்டவைத்துத் தட்டத்தான் பழக வேண்டும். பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சிறு வயதில் ஃபுட்சால் என்ற ஐவர் ஆட்டத்தில் தேறி வந்ததும் இதே காரணத்தால்தான். நம் பக்கம் வயலிலும் தோட்டத்து வெளியிலும் நடக்கும் 'செவன்ஸ்' ஆட்டத்திலும் இதைப் பார்க்கலாம்.

பலன் கைமேல் தெரிந்தது. 2004 முதல் 2010 வரை தெற்குத் தாய்லாந்தின் இளையோர் கால்பந்துப் பட்டத்தைத் தொடர்ந்து வென்ற அணியாகப் பன்யீ எஃப்.சி. பேசப்படுகிறது.

உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு விளம்பரத்தால். 2011-ல் தாய்லாந்தின் டி.எம்.பி. வங்கி இந்தக் கதையை ஐந்து நிமிடப் படமாக எடுத்தது. (நம்ம தூத்துக்குடி டி.எம்.பி. இல்லை, அது வேறு வங்கி!) இணையத்தில் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதில் வருவது நடிப்பு. பசங்க மைதானம் கட்டியது நிஜம். இன்றைக்குப் பன்யீக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் கடல் உணவு சாப்பிட்டுவிட்டு, அந்த மிதக்கும் மைதானத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

இங்கே, தூத்தூர் கடப்புறத்தில்

பாங் நாவும் குமரியும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தொலைவு. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஒரே சுனாமி இரண்டையும் அடித்தது. தாய்லாந்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது பாங் நா மாகாணம். இங்கே குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போன தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் பலர் திரும்பி வரவே இல்லை.

அப்படிப்பட்ட கரையிலிருந்துதான் தமிழ்நாட்டு அணிக்கும் கிளப்புகளுக்கும் வீரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடி, 2018-ல் ஜாம்ஷெட்பூர் வழியாக ஐ.எஸ்.எல்.லுக்குள் போனார். அடுத்த சீசனில் பட்டம் வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தார். 2019-ல் கிங்ஸ் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார். அந்தப் போட்டி நடந்ததும் தாய்லாந்தில்தான்!

ஆனால் இந்தக் கரையின் பிரச்சினை அப்படியே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை நேரத்தில் கடலரிப்பு மணலைத் தின்கிறது. சில வருஷம் அலை வீட்டுக்குள்ளேயே வருகிறது. கரையைக் காக்கத் தூண்டில் வளைவும் கல்சுவரும் போடுகிறார்கள். அது வீட்டுக்குத் தேவைதான், மறுப்பில்லை. ஆனால் கல் கொட்டிய கரையில் பந்து உருளாது. மணல் குறைந்தால் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே மைதானமும் குறைகிறது. கரைப் பாதுகாப்புத் திட்டம் போடும்போது வள்ளம் ஏற்ற இடம் விட வேண்டும், வலை உலர்த்த இடம் விட வேண்டும் என்று கேட்பார்கள். பந்து களிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்று அதே பட்டியலில் சேர்த்துக் கேட்பது நியாயம்தான்.

பன்யீயில் முதல் பலகையை அடித்தது பசங்க. ஆனால் அந்தக் கிளப் ஒரு தலைமுறை தாண்டியும் நிற்பதற்குக் காரணம், இரண்டாவது மைதானத்தை ஊர் கட்டிக் கொடுத்தது.