படிவம் 541: திரும்பாத விமானத்தைத் தேடுதல்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்தனர்; அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பல குடும்பங்களில், சீருடை அணிந்த ஒரு புகைப்படத்துக்கு மேல் எதுவும் தெரியாத பாட்டனாரோ பெரியப்பாவோ இன்றும் இருப்பதும், அவர் கடைசியாக ஏறிய விமானம் எங்கே, எப்படி வீழ்ந்தது என்று பேரப்பிள்ளைகள் தேடிக்கொண்டிருப்பதும் இதனால்தான். இத்தேடலில் இறங்குவோர் பெரும்பாலும் தம் உறவினரின் பெயரையே பற்றிக்கொண்டு ஆவணங்களைப் புரட்டுகிறார்கள். ஆனால், பெயரை விட்டுவிட்டு விமானத்தின் வரிசை எண்ணைப் பிடித்துக்கொள்பவருக்கே வழி விரைவில் திறக்கிறது.

காரணம் எளிது. லங்காஸ்டர், ஹாலிபாக்ஸ், ஸ்டெர்லிங் போன்ற நான்கு எஞ்சின் விமானங்களில் பொதுவாக ஏழு பேர் சென்றனர்: விமானி, எஞ்சின்களைக் கவனிக்கும் விமானப் பொறியாளர், பாதையைக் கணித்துச் சொல்லும் நேவிகேட்டர், குண்டைக் குறிபார்த்து விடுபவர், வானொலித் தொடர்பாளர், முதுகுப்புறத்திலும் வாலிலும் அமர்ந்த இரு துப்பாக்கி வீரர்கள். இவர்களை மேலிடம் பட்டியல் போட்டுச் சேர்த்துவிடவில்லை என்பது, இராணுவம் என்றாலே உத்தரவு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பயிற்சி நிலையத்தின் விமானக் கொட்டகையில் பல்வேறு பணிகளுக்குத் தேர்ச்சி பெற்றவர்களை ஒன்றாக விட்டுவிட்டு, அவர்களே பேசிப் பழகித் தமக்குள் குழு அமைத்துக்கொள்ளச் சொல்வதே வழக்கமாக இருந்தது. பொறியாளர் மட்டும் பின்னர், பெரிய விமானத்துக்கு மாறும் கட்டத்தில், வந்து சேர்ந்தார். அதன்பின் முப்பது தாக்குதல் பறப்புகளைக் கொண்ட ஒரு சுற்று முடியும்வரை அந்த எழுவரின் விதி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், ஒருவரைப் பற்றிய கோப்பு மற்ற அறுவரைப் பற்றியும் பேசுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் வைக்கப்பட்டிருக்கும் ஸ்குவாட்ரன் செயற்பாட்டுப் பதிவேடு. ஸ்குவாட்ரன் என்பது ஒரே தளத்திலிருந்து இயங்கிய விமான அணி. ஒவ்வொரு அணியும் இரண்டு படிவங்களை நிரப்பி வந்தது. படிவம் 540 அணியின் அன்றாட நாட்குறிப்பு. படிவம் 541 ஒவ்வொரு பறப்பின் கணக்கு. பின்னதில் விமானத்தின் எண், எழுவரின் பெயர்கள், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், இலக்கின் மேல் கண்டவை ஆகியன கட்டம்கட்டமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பக்கத்து வரிகளில் பிற குழுக்கள் மேகத்தையும் தேடொளி விளக்குகளையும் விவரித்திருக்க, திரும்பாத விமானத்தின் வரியில் இறங்கிய நேரம் வெறுமையாக நிற்கும்; புறப்பட்டபின் தகவல் ஏதும் இல்லை என்ற பொருளில் ஒற்றைத் தொடர் மட்டும் இருக்கும். பதிவேட்டை நிரப்பியவர்கள் திரும்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கொண்டே நிரப்பினர் என்பதால், குடும்பம் அறிய விரும்பும் அந்தக் கடைசி மணிநேரம் அந்த ஏட்டில் இருக்க வாய்ப்பே இல்லை.

அதற்கு வேறு ஏடுகளை நாட வேண்டும். குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்திருந்தால் அது தேடுவோருக்கு நல்வாய்ப்பு. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசையிலுள்ள இழப்புக் கோப்புகளில், விமானம் காணாமற்போனதை அறிவித்த தந்தி, கட்டளை அதிகாரி பெற்றோருக்கு எழுதிய கடிதம், போருக்குப் பிந்தைய விசாரணை, உயிர் தப்பியவர் எவரேனும் இருந்தால் அவர் விடுதலையானபின் கொடுத்த வாக்குமூலம் என யாவும் ஒரே இடத்தில் கிடைப்பதுண்டு. தம் உறவினர் ஆங்கிலேயராகவே இருந்தாலும் அவருடைய கதை மெல்போர்ன்காரர் ஒருவரின் கோப்பில் கிடக்கலாம்.

நேரத்திலும் தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். தாக்குதல்கள் பெரும்பாலும் இரவில் நடந்ததால் ஒரே பறப்பு இரண்டு தேதிகளில் விழுகிறது. ஒரே விமானத்தில் மடிந்தவர்களின் கல்லறைகளில்கூட வெவ்வேறு தேதிகள் காணப்படலாம். இதைவிடப் பெரிய பொறி, ஜெர்மானிய இரவுநேரப் போர்விமானிகள் தாம் வீழ்த்தியதாகச் சொல்லிக்கொண்ட பட்டியல். 1944 மார்ச் 30-31 இரவில் நியூரம்பர்க் நகரைத் தாக்கச் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அத்தகைய இரவில் ஒரு வட்டாரத்தில் ஒரே மணிநேரத்துக்குள் பல விமானங்கள் விழுந்திருக்கையில், இன்ன விமானத்தை வீழ்த்தியவர் இன்னார் என்று அடித்துச் சொல்வதற்கு, விழுந்த இடமும் நேரமும் இருபுறத்து ஆவணங்களிலும் பொருந்தியாக வேண்டும். பகைவனுக்கு ஒரு முகம் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆவல் இயல்பானதே, ஆனால் பிழைகள் மிகுதியாகப் பிறப்பதும் அந்த ஆவலில்தான்.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் காணாமற்போனோர் பட்டியலில் 40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. காணாமற்போனோர் ஆய்வு, விசாரணைப் பிரிவு என்ற அமைப்பின் அதிகாரிகள் ஐரோப்பா முழுவதும் சென்று, ஊர்த் தலைவர்களையும் பாதிரியார்களையும் விசாரித்து, புதைகுழிகளைத் தோண்டி, சலவைக் குறி, எஞ்சின் எண், மோதிரம் போன்ற அடையாளங்களைக் கொண்டு உடல்களை இனங்கண்டனர். போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் கூட்டுக் கல்லறை என்று குறிக்கப்பட்டிருந்தால், உடல்களைத் தனித்தனியே பிரித்தறிய இயலவில்லை என்று பொருள். கல்லறையே கிடைக்காத 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், 1953-இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் உள்ளன.

அச்சுவர்களில் இருந்த எழுவரைப் பற்றிய செய்தி நெதர்லாந்தின் ஏரியொன்றிலிருந்து வந்தது. மார்க்கர்மேர் ஏரியில் 2008-இல் ஒரு படகின் நங்கூரம் எதிலோ சிக்கிக்கொள்ள, மேலே வந்தது ஒரு விமானச் சக்கரத் தாங்கியின் பாகம். ஸ்டெர்லிங் விமானம் என்பது தெளிவானாலும், முதலில் அது பிகே 710 என்றே கருதப்பட்டது. முதலெழுத்துகள் பொறித்த சிகரெட் பெட்டி ஒன்று வேறொரு குழுவைச் சுட்டியபின்தான், அது 1943 மார்ச் 29-ஆம் நாள் இரவு பெர்லினைத் தாக்கச் சென்று திரும்பாத பிகே 716 என்பது உறுதியாயிற்று. 2020-இல் டச்சு அரசின் செலவில் ஏரியின் அடியிலிருந்து சிதைவுகள் எடுக்கப்பட்டன.

அந்த விமானம் 218-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது; இன்றைய கானாவான கோல்டு கோஸ்ட்டின் பெயர் அவ்வணிக்குச் சூட்டப்பட்டிருந்தது. குடியேற்ற நாடுகள் தந்த போர்நிதிக்கு நன்றியாக இப்படிப் பெயரிடும் வழக்கம் இருந்தது; அதன்படியே 99-ஆம் ஸ்குவாட்ரன் சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியது. இங்கிலாந்திலிருந்து வெலிங்டன் விமானங்களில் பறந்த அவ்வணி 1942-இல் இந்தியாவுக்கு மாற்றப்பட்டு, பின்னர் லிபரேட்டர் விமானங்களுடன் பர்மாப் போர்முனையில் ஈடுபட்டது. அவ்வணியின் பதிவுகளும் ஏஐஆர் 27-இலேயே உள்ளன. தெற்கு, கிழக்கு ஆசிய வான்வெளியில் மறைந்து கல்லறை அறியப்படாதவர்களைத் தேடுவோர் மட்டும் ரன்னிமீட்டுக்குப் பதிலாக, சிங்கப்பூரின் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவகத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.