ராப் பெருசா, ராக் பெருசா? எதுக்குத் திறமை அதிகம் வேணும்?

கல்லூரிகளில் கல்ச்சுரல்ஸ் சீசன் தொடங்கிவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். "விரல் காய்ச்சுப் போற அளவுக்குப் பழகியிருக்கேன்டா. நீ மைக்கப் புடிச்சு வேகமா பேசுற, அதுக்குப் பேரு பாட்டா?" என்பார் கிட்டார்காரர். ராப் பாடுபவரும் விடமாட்டார். "நீ வாசிக்கறது எவனோ போட்ட பாட்டு. நான் பாடுறது நானே எழுதுனது மச்சான்!"

கேட்பதற்கு ஹாஸ்டல் அரட்டை மாதிரிதான் இருக்கும். ஆனால் இதன் பின்னால் பெரிய கேள்விகள் இருக்கின்றன. மேடையில் யாருக்கு நேரம் கிடைக்கும்? யாரைக் 'கலைஞர்' என்று சொல்வார்கள்? எந்தப் பிள்ளை பழகினால் வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள், எந்தப் பிள்ளையை "வெட்டிப் பேச்சு" என்று அடக்குவார்கள்? எல்லாமே 'திறமை' என்ற சொல்லுக்கு நாம் என்ன அர்த்தம் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எனவே இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ராக்: கண்ணுக்குத் தெரியும் உழைப்பு

1950-களில் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து கிளைத்து வளர்ந்தது ராக். எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாடகர். இதுதான் அடிப்படைக் கூட்டணி.

இதில் கஷ்டம் எங்கே இருக்கிறது? முதலில் உடம்பில். கிட்டாரில் ஆறு கம்பிகள். புதிதாகப் பழகுபவருக்கு இடது கை விரல் நுனிகள் முதல் சில வாரங்கள் எரியும், பிறகு காய்ச்சுப் போகும். ஆட்காட்டி விரலை மட்டையாகப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்தும் 'பார்' கார்டில்தான் பலர் கிட்டாரை மூலையில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். டிரம்ஸில் இரண்டு கை, இரண்டு கால், நாலுக்கும் நாலு வேலை. ஒன்று இன்னொன்றின் பின்னால் ஓடிவிடாமல் மூளையைப் பழக்க வேண்டும்.

அடுத்தது ஸ்வர ஞானம். ராக் கிட்டாரில் வரும் சோலோக்களில் மிக அதிகமாகப் புழங்கும் ஐந்து ஸ்வர வரிசை ஒன்று உண்டு. அதை நம்மூர் கர்நாடக இசை தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டினால் "சுத்த தன்யாசி" என்பார். ஸ்வரங்கள் அதேதான். ஆனால் கம்பியை வளைத்து இழுக்கும் விதம், ஒலியைக் கரகரப்பாக்கும் விதம் வேறு.

மூன்றாவது, கூட்டு உழைப்பு. நான்கைந்து பேர் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிறுத்த வேண்டும். ஒருவர் அரை மாத்திரை முந்தினாலும் பாட்டு தடுமாறும். தனியாக நன்றாக வாசிக்கும் நால்வர் சேர்ந்தும் ஒரு நல்ல பேண்ட் ஆகாமல் போவது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. உலகப் புகழ்பெற்ற எத்தனையோ ராக் பாடல்கள் மூன்றே கார்டில் முடிந்துவிடுபவை. கையில் கிட்டார் இருப்பதாலேயே ஒருவர் பெரிய வித்தகர் ஆகிவிடுவதில்லை.

ராப்: காதுக்கு மட்டும் தெரியும் உழைப்பு

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை ஏற்பாடு செய்த பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது இதைத்தான். பாட்டின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் பேசுவது என்ற பழக்கம் வளர்ந்து ராப் ஆனது.

"பேசுறதுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் ஒரு பீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு அடி சேர்ந்தால் ஒரு 'பார்', அதாவது ஒரு தாளச் சுற்று. அதற்கு ஆகும் நேரம் சுமார் 2.7 நொடி. ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றில் 16 இடங்கள். ராப்பில் வழக்கமான ஒரு சரணம் 16 சுற்று. ஆக 256 இடங்கள், சுமார் 43 நொடி. எந்த இடத்தில் சொல் விழ வேண்டும், எதைக் காலியாக விட வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தாக வேண்டும். அதிலும் மூச்சு எடுப்பது கேட்பவருக்குத் தெரியவே கூடாது.

வேகத்துக்கு ஓர் உதாரணம் எமினெம். 2013-ல் வந்த அவருடைய 'ராப் காட்' பாடலில் 6 நிமிடம் 4 நொடியில் 1,560 சொற்கள். ஹிட் பாடல் ஒன்றில் அதிகச் சொற்கள் என்று கின்னஸில் ஏறியது. ஆனால் வேகம் மட்டுமே திறமை என்றால் ஏலக்காரர்கள் எல்லோரும் ராப்பர்கள்தான். தாளத்துக்குச் சற்றே பின்தங்கி, சோம்பலாகப் பேசுவது போலப் பேசி, சரியான இடத்தில் வந்து இறங்குவது வேகமாகப் பேசுவதைவிடக் கஷ்டம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தாளத்துக்கு இடம் போதவில்லை என்று நெடிலைச் சுருக்கினால் 'பாடம்' 'படம்' ஆகிவிடும், 'கால்' 'கல்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் வரிக் கடைசியில் ஒலி பொருந்தினால் பெரும்பாலும் போதும். தமிழ்க் காது அதோடு வரித் தொடக்கத்தில் மோனையையும், இரண்டாம் எழுத்தில் எதுகையையும் எதிர்பார்க்கும். நல்ல தமிழ் ராப்பர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்காமலேயே இவ்வளவையும் காதாலேயே கணக்குப் போடுகிறார்.

சேலத்துக்கு இது புதுசா?

'பேச்சையே தாளத்தில் கட்டுவது' மேற்கிலிருந்து இறங்கிய சரக்கு என்று நினைத்தால், சேலம்காரர்கள் சொந்த ஊரையே மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த படம்தான் 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'. வசனம் மு.கருணாநிதி. அடுக்கு அடுக்காக மோனையோடு வந்த வசனத்துக்காகவே மக்கள் தியேட்டருக்குப் போன காலம் அது. அப்படிப்பட்ட வசனத்தை மூச்சு உடையாமல் பேசும் நடிகரைப் பார்த்து "சும்மா பேசுறாரு" என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கும் முன்பிருந்தே ஓமலூர், மேட்டூர் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்து வருகிறது. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் என்று ஒரு முழு 'பேண்ட்' பின்னால் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஆடுபவர் பாட வேண்டும், வசனம் பேச வேண்டும், அடவு வைக்க வேண்டும், கோமாளி தூக்கிப் போடும் கேள்விக்கு அந்த நொடியிலேயே பதிலும் கட்ட வேண்டும். இன்றைய மொழியில் சொன்னால் ராக்கின் கூட்டு வாசிப்பும் ராப்பின் ஃப்ரீஸ்டைலும் ஒரே ராத்திரியில். சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' இதழை நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன் இந்தக் கூத்துக் கலைஞர்களுக்காகவே 'களரி' என்ற அமைப்பை நடத்திவருகிறார். மேடைகளில் இவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்திருந்தால் அப்படியோர் அமைப்பே தேவைப்பட்டிருக்காது.

கொங்கு மண்ணின் அண்ணன்மார் கதையும் இதே ரகம். உடுக்கை அடித்துக்கொண்டே பாட்டும் பேச்சுமாக இரவு இரவாகச் சொல்லப்படும் கதை. 1965-ல் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிய கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக், பல இரவுகள் நீண்ட இந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தார். அது பிறகு தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமானது. ஒருவர் நினைவிலிருந்தே, தாளம் தப்பாமல், இத்தனை மணி நேரம் சொல்வது எவ்வளவு பெரிய வித்தை என்று சொல்ல வெளியூர்க்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது!

எதிரிகளா, பங்காளிகளா?

இசை வரலாற்றைப் பார்த்தால் ராப்பும் ராக்கும் சண்டை போட்டதைவிடச் சேர்ந்து வேலை செய்ததே அதிகம். 1986-ல் ரன் டிஎம்சி என்ற ராப் குழுவும் ஏரோஸ்மித் என்ற ராக் பேண்டும் சேர்ந்து 'வாக் திஸ் வே' பாடலைச் செய்தபோது இரண்டு பக்க ரசிகர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னையிலும் இதே கதை. ஏ.ஆர்.ரஹ்மான் இளம் வயதில் வாசித்த 'ரூட்ஸ்' பேண்டில் சிவமணி, ஜான் ஆண்டனி ஆகியோரோடு இருந்தவர் சுரேஷ் பீட்டர்ஸ். 1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாடலில் ஒலிப்பது அதே சுரேஷ் பீட்டர்ஸின் குரல்தான், தேனி குஞ்சரம்மா, சாகுல் ஹமீது குரல்களோடு. தமிழ் சினிமாவில் ராப்பைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டுபோனவர்களில் ஒருவர் பேண்ட் வாசிப்பிலிருந்து வந்தவர்!

அதன்பிறகு 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி மற்றும் நட்சத்திராவின் 'வல்லவன்', 2012-ல் கோவை ஆதியின் 'ஹிப்ஹாப் தமிழன்' என்று தமிழ் ராப் சினிமாவுக்கு வெளியே ஆல்பங்களாகவும் வளர்ந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானா, பறை, ராப், ராக் எல்லாவற்றையும் ஒன்றாகவே வாசித்துக் காட்டியது. அந்த மேடையில் "யாருக்குத் திறமை ஜாஸ்தி?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைத்திருக்காது.

மார்க் போடுவது யார்?

அப்படியென்றால் "ராப் ஈஸி" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செலவிலிருந்து. பேண்ட் என்றால் கிட்டார், ஆம்ப், டிரம் செட், பழக ஒரு அறை, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கம், எல்லாமே வேண்டும். ராப்புக்கு ஒரு போன், ஒரு இயர்போன், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பீட் போதும். ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர் ஜன்னல் ஓரச் சீட்டிலேயே பழகிவிடலாம். தொடங்குவது சுலபம், உண்மைதான். ஆனால் தொடங்குவது சுலபம் என்பதும் தேறுவது சுலபம் என்பதும் ஒன்றல்ல. கபடிக்குக் கோடு கிழித்தால் போதும். அதற்காக நல்ல ரெய்டர் ஊருக்குப் பத்துப் பேர் கிடைக்கிறார்களா?

பெரிய இடங்களே இந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டன. 2016-ல் பாடலாசிரியரான பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. 2018-ல் ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'டேம்' ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் கிடைத்தது. கிளாசிக்கல், ஜாஸ் அல்லாத ஒன்றுக்கு அந்த விருது போனது அதுவே முதல் முறை.

நம் பக்கத்துக் கதை இன்னும் கொஞ்சம் கசப்பானது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதினார், தீயுடன் சேர்ந்து பாடவும் செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டைப்படத்தில் அந்தப் பாடல் பேசப்பட்டபோது, படத்தில் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. பாடலில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை 2022-லும் தொடர்ந்தது. 'யாருக்குத் திறமை அதிகம்' என்ற கேள்வி இங்கே 'யார் பெயரை எழுதுவது' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

சரி, எப்படித்தான் எடை போடுவது?

அடுத்த முறை கல்ச்சுரல்ஸ் மேடை முன்னால் உட்காரும்போது இவற்றைக் கவனிக்கலாம்.

ராப்பர் என்றால்: பீட்டை நிறுத்தினாலும் தாளம் அவர் குரலில் நிற்கிறதா? ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா? மூச்சு வாங்குவது காதில் விழுகிறதா? அவர் சொல்வது அவர் வாழ்க்கையா, யாரோ ஒருவரின் வீறாப்பா?

ராக் பேண்ட் என்றால்: டிரம்ஸும் பேஸும் ஒட்டிக்கொண்டு போகின்றனவா? பாடகர் பாடும்போது கிட்டார் அடங்குகிறதா? சோலோவில் வேகம் மட்டும்தானா, அல்லது மறுநாள் காலையில் முணுமுணுக்க ஏதாவது மிஞ்சுகிறதா? அடுத்தவர் பாட்டையே வாசித்தாலும் அதில் இவர்கள் கைவண்ணம் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளால் நல்ல ராப்பரையும் சுமாரான ராப்பரையும் பிரித்துவிடலாம், நல்ல பேண்டையும் சுமாரான பேண்டையும்கூட. ராப்பரையும் பேண்டையும் ஒரே தராசில் வைக்கத்தான் எடைக்கல் இல்லை.

நாமக்கல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பத்துப் பேர் சேர்ந்து, அளவு தப்பாமல் மரமும் இரும்பும் பொருத்துகிறார்கள். அந்த வண்டியை டிரைவர் ஒருவர் ராத்திரி முழுக்கத் தனியாக, கண் அசராமல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி இறக்குகிறார். இதில் யாருக்குத் திறமை அதிகம் என்று பட்டறையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். "வண்டி நல்லா ஓடுதா, அதைச் சொல்லு" என்பார்கள்.