விடுதிச் சுவர்களுக்குள் ஒரு மர்மம்: மொரீன் ஜோன்சனின் ‘ட்ரூலி டீவியஸ்’

துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு வேலி. சந்தேகத்துக்குரியவர்கள் இன்ன இன்னார்தான், வெளியாள் உள்ளே வரவில்லை எண்டு வாசகர் நம்ப வேண்டும். அகதா கிறிஸ்டி அதற்காகத் தீவைப் பிடித்தார், பனியில் நின்றுபோன ரயிலைப் பிடித்தார். 1959இல் ‘கெட் அமங் த பிஜின்ஸ்’ எழுதியபோது ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலையைப் பிடித்தார். விடுதியைவிட நல்ல வேலி கிடைப்பது கஷ்டம். மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் படுக்கை. எந்த நேரம் யார் எங்கே இருந்தார் என்பதற்கு இடாப்பு இருக்கிறது. இடாப்பு இருப்பதால்தான் பொய்யும் பிடிபடுகிறது. இன்னொன்று, உம்மா வாப்பா பக்கத்தில் இல்லை. இளையோர் நாவலுக்கு அது பெரிய வசதி. பெரியவர்கள் அருகில் இருந்தால் “நீ போய்ப் படி, இதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும்” எண்டு மூன்றாம் பக்கத்திலேயே கதையை முடித்துவிடுவார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மொரீன் ஜோன்சனின் ‘ட்ரூலி டீவியஸ்’ 2018இல் வந்தது. வெர்மொன்ட் மாநிலத்து மலையொன்றில் எலிங்ஹாம் கலாசாலை. ஆல்பர்ட் எலிங்ஹாம் என்ற பெருஞ்செல்வர் கட்டியது. மனுஷனுக்கு விடுகதையிலும் விளையாட்டிலும் பைத்தியம். பாடசாலையில் கட்டணம் இல்லை. சேர்வதற்கு வழக்கமான தகுதிப் பட்டியலும் இல்லை. எதில் உனக்கு உண்மையான பற்று எண்டு காட்டினால் போதும். 1936 ஏப்ரலில் அவருடைய மனைவி ஐரிஸும் மூன்று வயது மகள் அலிஸும் கடத்தப்படுகிறார்கள். அதே நாளில் டொட்டி எப்ஸ்டைன் என்ற மாணவியும் காணாமற்போகிறாள். ஐரிஸும் டொட்டியும் பிணமாகக் கிடைக்கிறார்கள். அலிஸ் கிடைக்கவே இல்லை.

எண்பது வருஷங்களுக்குப் பிறகு ஸ்டீவி பெல் என்ற பதின்ம வயதுப் பெண் அந்தப் பாடசாலைக்குள் வருகிறாள். அவளுடைய பற்று அந்தப் பழைய வழக்கேதான். அதைக் காட்டித்தான் இடமும் பெற்றாள். நாவல் அன்றும் இன்றுமாக மாறி மாறிப் போகிறது. அன்றைய பகுதிகளுக்கிடையே விசாரணைப் பதிவுகளும் வருகின்றன. அவற்றை வேகமாகப் புரட்டக் கூடாது. யார் எதைப் பார்த்தேன் எண்டு சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலக் கடிதத்தின் அடியில் ‘யுவர்ஸ் ட்ரூலி’ போடுவார்கள். கடத்தலுக்குச் சில நாள் முன்பு எலிங்ஹாமுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வருகிறது. கொலை செய்யும் வழிகளை விளையாட்டாக அடுக்கும் ஒரு பாட்டு அது. கையொப்பம் ‘ட்ரூலி, டீவியஸ்’. நம்முடைய கடித வழக்கில் சொன்னால் “இங்ஙனம், உண்மையுள்ள வஞ்சகன்”. தமிழில் இந்த முரண் இன்னும் நன்றாகவே விழுகிறது.

அந்தக் கடிதம் கையால் எழுதப்பட்டதல்ல. சஞ்சிகைகளில் வெட்டிய எழுத்துகளை ஒட்டியது. இதைப் புரிந்துகொள்ள உண்மையான வரலாறு கொஞ்சம் தேவை. 1932 மார்ச் 1ஆம் திகதி, விமானி சார்ல்ஸ் லின்ட்பேர்க்கின் 20 மாதக் குழந்தை நியூஜேர்சி வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. 50,000 டொலர் கப்பம் கொடுத்தும் பயனில்லை. மே மாதம் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. 1934இல் கப்பப் பணத்தின் தாளொன்று பெற்றோல் நிலையத்தில் மாறியதை வைத்து, ஜேர்மனியிலிருந்து குடியேறிய தச்சுத் தொழிலாளி புரூனோ ஹோப்ட்மனைப் பிடித்தார்கள். வழக்கில் கப்பக் கடிதங்களின் கையெழுத்துப் பெரிய சாட்சியானது. 1936 ஏப்ரல் 3ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஜோன்சனின் கற்பனைக் கடத்தலும் அதே மாதம்தான். கையெழுத்து ஒருவனை மின்கதிரை வரை கொண்டுபோன காலத்தில், மிரட்டுகிறவன் கத்தரிக்கோலை எடுப்பது இயல்புதானே. கிறிஸ்டியின் 1934ஆம் ஆண்டு ரயில் நாவலும் இதே லின்ட்பேர்க் வழக்கிலிருந்து பிறந்ததுதான். ஸ்டீவியும் கிறிஸ்டி வாசித்து வளர்ந்த புள்ளை.

நாவலில் தண்டனை பெறுகிறவன் அன்டன் வோராச்செக். அராஜகவாதி. பெயரே ஊர்ப் பெயர் அல்ல. பணக்காரர்களுக்கு எதிராகப் பேசுகிறவன். சாட்சி பலமோ பலவீனமோ, ஊருக்கு அவன் பொருத்தமான ஆளாக இருந்தான். அவனும் சுட்டுக் கொல்லப்படுகிறான். வழக்கு முடிந்தது எண்டு எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள். ஸ்டீவிக்கு மட்டும் அந்த முடிவு ஒத்துவரவில்லை. பெரிய குற்றம் நடந்த பிறகு, வேற்றுப் பெயர்க்காரன் ஒருவன் கையருகில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நிகழ்காலத்திலும் ஒரு சாவு விழுகிறது. ஹேய்ஸ் மேஜர் என்ற மாணவன் இணையக் காணொளியால் பேர் எடுத்தவன். அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலையெல்லாம் அவனே செய்ததா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. (குழுச் செயற்பாடு கொடுத்துப் புள்ளி போட்ட ஆசிரியருக்கு இந்த வகைப் புள்ளையைத் தெரியும்.) பழைய வழக்கைப் பற்றிப் படம் எடுக்கப் போன இடத்தில், ஒரு சுரங்க வழிக்குள் அவன் இறந்து கிடக்கிறான். காரணம் உலர் பனிக்கட்டி. இது நம்முடைய விஞ்ஞானப் பாடத்தில் உள்ளதுதான். உலர் பனிக்கட்டி என்பது திண்மக் காபனீரொட்சைட்டு. மறை 78 பாகை செல்சியஸ் அளவில், திரவமாகாமலே வாயுவாகப் பதங்கமாகும். மேடையில் புகை மூட்டம் காட்ட அதைத்தான் வைக்கிறார்கள். திறந்த மண்டபத்தில் பயமில்லை. வளி போகவர வழியில்லாத நிலக்கீழ் அறையில் விஷயம் வேறு. அந்த வாயு வளியைவிடக் கனமானது. கீழே தேங்கும், இருந்த வளியைத் தள்ளும். அதற்கு நிறமும் இல்லை. உள்ளே போகிறவன் ஆபத்தை உணர்வதற்குள் மயங்கிவிடுவான். ஜோன்சன் இதில் ஏமாற்று வேலை செய்யவில்லை. தேவையான தகவல் எல்லாம் வாசகர் கண்ணுக்கு முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

குறை சொல்வதானால் ஒன்று உண்டு. முதற் புத்தகம் முடியும்போது பழைய மர்மம் அவிழவில்லை. அதற்கு ‘த வனிஷிங் ஸ்டெயார்’ (2019), ‘த ஹேண்ட் ஒன் த வோல்’ (2020) எண்டு இன்னும் இரண்டு வாங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘தொடரும்’ பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஸ்டீவியின் காதல் பகுதியும் நீளம் கூட. ஆனால் அவளுக்கு அடிக்கடி வரும் பதற்ற நோயை எழுதிய விதம் நன்று. மூச்சு அடைக்கும், கை நடுங்கும், மாத்திரை எடுப்பாள், அடுத்த நாள் எழும்பித் துப்புத் தேடுவாள். அதை ஒரு அதிசயமாகவோ அவமானமாகவோ காட்டவில்லை.

எனக்கு மனதில் நிற்பது டொட்டிதான். நியூயோர்க்கின் வசதியில்லாத வீட்டிலிருந்து, கெட்டித்தனத்தால் மட்டும் இடம் பெற்று மலைக்கு வந்தவள். ஷெர்லொக் ஹோம்ஸ் வாசிப்பதற்காக ஒதுக்கிடம் தேடித் திரிகிறவள். அப்படிப் போன இடத்தில் பார்க்கக் கூடாத ஆளைப் பார்த்துவிட்டாள். உலகம் அந்த வழக்கை எலிங்ஹாம் வழக்கு என்றே சொல்கிறது. செல்வரின் மனைவி, செல்வரின் மகள், பிறகுதான் ஒரு மாணவி. ஸ்டீவி மாத்திரம் டொட்டியின் கையில் இருந்த புத்தகத்தை எடுத்து, அவள் எந்த இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாள் எண்டு பார்க்கிறாள்.