குரூசோன் நோய்த்தொகையில் விழிப்பிதுக்கமும் பார்வை இழப்பும்

1912ஆம் ஆண்டு பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஆக்டேவ் குரூசோன், ஒரு தாயிடமும் அவர் மகனிடமும் ஒரே வகையான மண்டையோட்டு, முகக் குறைபாட்டைக் கண்டு பதிவு செய்தார். எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் நேரும் மாற்றமே இதற்குக் காரணமாகும்; பெற்றோருள் ஒருவருக்கு இஃது இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. மண்டையோட்டு எலும்புகளின் பொருத்துவாய்கள் உரிய காலத்திற்கு முன்பே இணைந்துவிடுவதாலும் நடுமுக வளர்ச்சி குன்றுவதாலும் கண்குழி ஆழமற்றுப் போகிறது. விழி பெரிதாவதில்லை, அதனைத் தாங்கும் குழியே சிறுத்துவிடுவதால் விழி முன்தள்ளப்படுகிறது. இமைகள் முழுமையாக மூடாதபோது கருவிழி உலர்ந்து புண்ணாகிறது. மாறுகண்ணும் பலரிடம் காணப்படுகிறது.

இவை புறத்தே தெரிவன. புறத்தே தெரியாத மண்டையோட்டு உள்ளழுத்த உயர்வோ பார்வை நரம்பையே நலியச் செய்யும்; நலிந்த நரம்பு மீள்வதில்லை. எனவே, குழந்தைப் பருவம் முதலே பார்வை நரம்பின் முகப்பைக் காலமுறைப்படி ஆய்ந்து, அழுத்தம் உயரின் மண்டையோட்டை விரிவாக்கும் அறுவை மருத்துவத்தைத் தாமதமின்றி மேற்கொள்ளுதல் இன்றியமையாததாகும்.